கொழும்பிலிருந்துகொண்டு உல்லாசக் குளம் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருந்து, அவிசாவளை, இங்கிரிய, கித்துல்கல, இரத்தினபுரிப் பக்கங்களில் காணி வாங்கி, ஓடையை மறித்துக் குளம் அமைத்து, படகு விட்டு, கரையில் விடுதியும் எழுப்பியிருக்கும் உரிமையாளர்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். அத்தகைய குளங்களைக் கூட்டாக வைத்திருக்கும் கழகங்களும் விடுதி முகாமையாளர்களும் இதைப் படிக்க வேண்டும். நாங்கள் குளக்கட்டு, வான் (மிகை நீர் வழிந்தோடும் வழி), துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு) ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஒக்டோபர் மாத இடைப்பருவ மழை தொடங்குமுன் உங்கள் கட்டை ஒழுங்காகப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்து முடியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

"சின்னக் குளம்தானே" என்று பலர் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நீர்ப்பரப்பு 2 ஏக்கர், கட்டருகே ஆழம் 5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 2 ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,000 சதுர மீற்றர். அதை 5ஆல் பெருக்கி, வருவதை மறுபடி 0.4ஆல் பெருக்கினால் கொள்ளளவு ஓரளவுக்குச் சரியாகக் கிடைக்கும்: 16,000 கன மீற்றர். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன். மண்கட்டு உடைப்பெடுத்தால் இந்த 16,000 தொன்னும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அது வெறும் நீராக வராது. சேறும் மரமும் கல்லும் சேர்ந்துதான் வரும். உலக அளவில் "பெரிய அணை" என்ற கணக்கு 15 மீற்றர் உயரத்தில் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் கட்டுக்குக் கீழே லயன் வீடுகள் இருந்தால் 5 மீற்றரே உயிர்களைக் கொண்டுபோகப் போதும்.

உல்லாசக் குளம் வயற்குளத்தைவிட ஆபத்தானது என்பது எங்கள் உறுதியான கருத்து. வயற்குளத்தை நாளும் பார்க்க ஆட்கள் உண்டு. போகம் முடிய நீர் வற்றும். வற்றும்போது உட்சரிவும் துருசின் வாயும் வெளியே வரும். வெடிப்பும் விலங்குகள் தோண்டிய வளையும் கண்ணில் படும். போகத்துக்குப் போகம் திறந்து மூடுவதால் துருசு இறுகிப்போவதில்லை. உங்கள் குளமோ ஆண்டு முழுவதும் நிறைந்தே நிற்கிறது. கட்டின் உட்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. கட்டுக்குள்ளே நீர் ஊறி நிற்கும் மட்டம் எப்போதும் உச்சத்திலேயே இருக்கிறது. நீர் இறங்கினால் விருந்தினருக்குச் சேறு தெரியும் என்பதற்காக வால்வை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டிருப்பீர்கள். அழகுக்காகச் செய்யப்படும் வேலைகளில் பல நேராகக் கட்டையே தாக்குகின்றன.

பொறுப்பு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 80 ஹெக்டேயர் வரையான வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை போன்றவற்றின் கையில். உலக வங்கியின் உதவியோடு 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் முதன்மையாக எடுத்துக்கொண்டதும் அரசின் பெரிய அணைகளையே. வயலே இல்லாத உங்கள் குளம் இந்த வகைப்பாட்டில் எங்கும் வசதியாக உட்காருவதில்லை. ஆகவே யாராவது அதிகாரி வந்து பார்த்துச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் வானைப் பாருங்கள். மண்கட்டுக்கு மேலால் நீர் பாயவே கூடாது. பாய்ந்தால் வெளிச்சரிவில் ஓடை அறுக்கும். அந்த ஓடை பின்னோக்கி ஏறிக் கட்டின் முடியை வெட்டும். அதன்பின் அதை நிறுத்த முடியாது. உங்கள் குளத்துக்கு நீர் வரும் பரப்பு 40 ஹெக்டேயர் என்றும், மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் மழை பெய்து அதில் 60 சதவீதம் ஓடி வருகிறது என்றும் எடுத்துக்கொண்டால், குளத்துக்குள் செக்கனுக்கு 6.7 கன மீற்றர் நீர் வரும். வானின் நீளம் 6 மீற்றர், வானின் மட்டத்துக்கும் கட்டின் முடிக்கும் இடையே 60 சென்ரிமீற்றர் என்றால், கட்டின் விளிம்பைத் தொடும்வரை நிறைந்து ஓடினாலும் அது வெளியேற்றுவது செக்கனுக்கு 4.7 கன மீற்றர்தான். மீதி 2 கன மீற்றர் 2 ஏக்கர் குளத்தை மணிக்கு 90 சென்ரிமீற்றர் வேகத்தில் உயர்த்தும். அதாவது கட்டின்மேல் ஏறும். அதே வெள்ளம் பத்திரமாகப் போக வேண்டுமானால் வானின் நீளம் 8.5 மீற்றராவது இருக்க வேண்டும். 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் நீர் ஓடும்போதும் கட்டின் முடி அதற்கு மேலே இன்னொரு 60 சென்ரிமீற்றர் உலர்ந்து நிற்க வேண்டும். உங்கள் நீரேந்து பரப்பைக் கூகுள் வரைபடத்தில் கோடு போட்டே அளந்துவிடலாம். றப்பர் மரங்களை வெட்டிக் கட்டடமும் தார் வீதியும் போட்டிருந்தால் 60 சதவீதம் என்பதை 80 என்று மாற்றிக் கணக்கிடுங்கள்.

இவ்வளவு மழை வருமா என்று கேட்காதீர்கள். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பிலேயே ஒரு நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். "எங்கள் வான் இவ்வளவு காலமும் தாங்கியதே" என்ற பேச்சு ஒரு பொறியியல் விடையாகாது.

படகுக்கு ஆழம் போதவில்லை என்று வானின்மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள், பலகை செருகுகிறார்கள். மேலே சொன்ன வானில் 30 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அதன் கொள்ளளவு பாதியாகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பாதியாக நிற்காது, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஏனென்றால் வான் வழி போகும் நீர் ஆழத்தோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. ஆழம் வேண்டுமானால் வறண்ட மாதத்தில் குளத்தின் அடியைத் தூர்வாருங்கள். வானை ஒருபோதும் உயர்த்தாதீர்கள். தூர்வாரும் பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரத்தை) கட்டின் உள் அடியிலிருந்து குறைந்தது 5 மீற்றர் தள்ளியே நிறுத்துங்கள். அடியைத் தோண்டினால் உட்சரிவு வழுக்கும்.

மீன்வலை இன்னும் மோசம். விட்ட திலாப்பியா வெளியே போகாமலிருக்க வானுக்குக் குறுக்கே கம்பிவலை பூட்டுவது பரவலான பழக்கம். முதல் பெருமழையில் இலையும் மூங்கில் சருகும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் வந்து வலையில் ஒட்டும். சிறிது நேரத்தில் வலை சுவராகிவிடும். 1889 மே 31ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து, கீழே ஜோன்ஸ்டவுன் நகரிலும் சூழலிலும் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அணை செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்றுக்குச் சொந்தமானது. பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஏரி அது. அடியில் இருந்த இரும்பு வடிகுழாய்களை முந்திய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார். கழகம் அவற்றை மீண்டும் பதிக்கவில்லை. வண்டிகள் போக வசதியாக இருக்கட்டும் என்று கட்டின் முடியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதபடி வானில் வலை போட்டார்கள். பெருமழையன்று வலையைக் குப்பை அடைத்தது. நீரை இறக்கக் குழாயும் இல்லை. தாழ்ந்த முடி வழியே நீர் புரண்டது. இந்த மூன்று குறைகளும் இன்று நம் பக்கத்துக் குளங்களிலும் இருக்கக்கூடியவை. வலையைக் கழற்றுங்கள். மீன் போனால் குஞ்சுகளை வாங்கி மறுபடி விடலாம்.

ஹவாயின் காவாய் தீவில் 2006 மார்ச் 14ஆம் திகதி தனியார் அணையொன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். அங்கே வானையே மண்ணிட்டு மூடியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கட்டின் முடி சமமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயை எடுத்து, வானின் மட்டத்தைத் தொடக்கமாக வைத்து, 5 மீற்றருக்கு ஒரு புள்ளியாகக் கட்டின் நீளம் முழுவதும் அளந்து எழுதுங்கள். இரண்டு பேர், ஒரு முற்பகல் போதும். மண்கட்டு காலப்போக்கில் அமரும்; ஆழம் கூடிய நடுப்பகுதியே அதிகம் அமரும். அங்கே 20 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால் உங்கள் கட்டின் உண்மையான உயரம் அந்தத் தாழ்ந்த புள்ளிதான். மேற்புல்லைச் செதுக்கி, பழைய மண்ணைக் கொத்தி ஈரப்படுத்தி, களி கலந்த கபுக் மண்ணை 15 சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டிவிட்டால் அடுத்த மழையில் அது கரைந்துவிடும்.

இனிக் கசிவு. எங்களுக்கு அதிகம் அச்சம் தருவது இதுதான், ஏனென்றால் இது மழைக்காகக் காத்திருப்பதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருந்தது. நீர் கட்டின் மேலால் புரளவில்லை. கட்டுக்குள்ளே மண் அரிபட்டு உருவான வழியே அது உடைத்துக்கொண்டது. கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. கட்டின் முடியை வாகனத் தரிப்பிடமாக்கியிருக்கும் விடுதிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா மண்கட்டும் கசியும். தெளிந்த நீராக, மாறாத அளவில் கசிந்தால் அதனோடு வாழலாம். நீர் கலங்கினால், அல்லது குளத்தின் மட்டம் உயராமலே கசிவு கூடினால், உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது. இதை அறிய ஒரு தகரத் தட்டில் வீ வடிவில் 90 பாகை வெட்டு வெட்டி, கசிவு ஓடும் சிறு வாய்க்காலுக்குக் குறுக்கே நிமிர்த்தி, ஓரங்களைக் களியால் அடைத்துப் பதியுங்கள். தட்டுக்குச் சற்று மேலே, வெட்டின் அடிமுனை மட்டத்திலிருந்து நீரின் உயரத்தை அளக்க வேண்டும். 5 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு சுமார் 0.8 லீற்றர், 10 சென்ரிமீற்றர் என்றால் 4.4 லீற்றர். உயரம் இரட்டித்தால் நீர் ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. ஆகையால் சிறு உயர்வையும் அலட்சியம் செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை கசிவு, குளத்தின் மட்டம், பெய்த மழை மூன்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். கூடவே ஒரு கண்ணாடிப் போத்தலில் கசிவு நீரைப் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் மண் படிகிறதா என்பது தெரியும்.

கலங்கல் நீர் ஊறினால் மக்கள் முதலில் செய்வது, அந்த வாயைச் சீமெந்தாலோ களியாலோ அடைப்பது. செய்யவே கூடாத வேலை அது. வெளிவாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் பக்கத்தில் பலவீனமான இன்னொரு வழியைத் தேடும். நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். ஊறும் இடத்தையும் சுற்றிலும் ஒரு மீற்றரையும் மூடும்படி முதலில் பருமணல் 30 சென்ரிமீற்றர், அதன்மேல் 10 மில்லிமீற்றர் சிப் கல் 20 சென்ரிமீற்றர், அதற்கு மேலே முக்கால் அங்குலக் கருங்கல் 30 சென்ரிமீற்றர் பரப்புங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மணல் கொதிப்பதுபோல் பொங்கினால் அதைச் சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே நீர் தேங்கித் தெளியும்வரை வளையத்தை உயர்த்துங்கள். இவையெல்லாம் தற்காலிக வைத்தியம். இதனுடன் குளத்தையும் இறக்கத் தொடங்க வேண்டும். அதே நாளில் ஒரு பொறியியலாளரை அழைக்க வேண்டும். இரண்டு கன மீற்றர் பருமணலும் அதே அளவு கல்லும் கட்டின் அடியருகே எப்போதும் குவித்திருக்கட்டும். வெள்ளத்தன்று லொறி வராது.

கசிவு பெரும்பாலும் தொடங்குவது கட்டுக்குள் செல்லும் குழாயை ஒட்டித்தான். குழாயின் அடிவயிற்றில் மண்ணை இறுக்குவது கடினம். அங்கே வெற்றிடம் நின்றுவிடும். வால்வை வெளிப்பக்கத்தில் மட்டும் வைத்தால் குழாய் முழுவதும் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். ஒரு மூட்டுக் கழன்றாலும் நீர் கட்டுக்குள்ளே பீறிடும். வால்வு குளத்தின் பக்கம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள், அதையும் நல்ல காலநிலையில் செய்யுங்கள். பல ஆண்டு திறக்காத வால்வை வெள்ளத்தின் நடுவே பலமாகத் திருகினால் தண்டு முறியும்.

வடிகுழாயே இல்லாத குளங்களும் உண்டு. அவற்றுக்கு ஆறு அங்குலப் பி.வி.சி. குழாயால் ஒரு சைபன் (நீரைக் கட்டின் மேலால் உறிஞ்சி மறுபக்கம் இறக்கும் குழாய்) அமைத்துக்கொள்ளலாம். உறிஞ்சலில் நசுங்காதிருக்க டைப் 1000 குழாயாக எடுங்கள். மெல்லிய குழாய் வேண்டாம். உள்முனையில் அடிவால்வும் (நீர் திரும்பிப் போகாமல் தடுப்பது) சல்லடையும், உச்சியில் நீர் நிரப்ப மூடியுள்ள வாயும், வெளிமுனையில் கேற் வால்வும் வேண்டும். குளத்து மட்டத்துக்கும் வெளிமுனைக்கும் 3 மீற்றர் வித்தியாசமும் குழாய் நீளம் 30 மீற்றரும் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 50 லீற்றர் போகும். புதிதாக நீர் வராவிட்டால் 2 ஏக்கர் குளம் ஒரு நாளில் அரை மீற்றர் இறங்கும். வெளிமுனையைக் கட்டின் அடியில் விடாமல், கற்பாறை உள்ள ஓடைப் பகுதிவரை நீட்டுங்கள். சாதாரண நாளில் நாளொன்றுக்கு 30 சென்ரிமீற்றருக்கு மேல் இறக்க வேண்டாம். ஈரமேறிய உட்சரிவு சரியும். கட்டு உடையும் ஆபத்து கண்முன்னே இருக்கும்போது இந்த வரம்பைப் பார்க்காதீர்கள்.

மரங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். கட்டின்மேலும் அதன் வெளி அடியிலிருந்து 5 மீற்றர் வரையிலும் புல்லைத் தவிர எதுவும் வேண்டாம். அந்தப் புல்லும் குட்டையாக இருந்தால்தான் ஈரமும் வெடிப்பும் முள்ளம்பன்றி வளையும் தெரியும். கட்டை விரல் அளவுச் செடியைத் தரையோடு வெட்டலாம். அடிமரம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த பலாவையோ மாவையோ வெறுமனே வெட்டிவிட்டால் வேர் உக்கி, அது இருந்த இடமெல்லாம் குழாயாகும். நீரை இறக்கி, வேர்க்கட்டியோடு அகழ்ந்து, படைபடையாக மண் நிரப்பி இறுக்க வேண்டும். கறையான் புற்றையும் மேலே மட்டும் தட்டாமல் அடிவரை தோண்டி நிரப்புங்கள்.

கீழே யார் இருக்கிறார்கள் என்பதை நடந்துபோய்ப் பாருங்கள். குளம் கட்டிய காலத்தில் காடாக இருந்த இடத்தில் இன்று வீடுகள் இருக்கக்கூடும். ஜகார்த்தாவின் புறநகரில் சிட்டு கிந்துங் என்ற குளம் ஒல்லாந்தர் காலத்தில் வயலுக்காகக் கட்டப்பட்டது. பின்னர் வயல்கள் குடியிருப்பாயின, குளம் உல்லாச இடமாயிற்று. 2009 மார்ச் 27ஆம் திகதி பெருமழைக்குப் பின் விடியுமுன் அது உடைந்தபோது இறந்தவர்கள் சுமார் 100 பேர். உறக்கத்திலேயே அகப்பட்டவர்கள் பலர். ஓடையோரமாக முதல் இரண்டு கிலோமீற்றரிலுள்ள வீடுகள், பாடசாலை, பாலம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து, வீட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கமாக எழுதி, பிரதியைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் அதில் இருக்கட்டும்.

திருத்தப் பணம் இல்லை, அல்லது குளத்தில் இனி நாட்டம் இல்லை என்றால், அதை அப்படியே விட்டுவிட்டுக் கொழும்பில் இருக்காதீர்கள். சைபனால் மெல்ல வடித்து, முழுதும் வடிந்த பின், வறண்ட மாதத்தில் கட்டை ஓடையின் அடிமட்டம்வரை அகலமாக வெட்டி, வெட்டின் இருபக்கச் சரிவையும் மட்டமாக்கிக் கல் பதித்து ஓடையை ஓடவிடலாம். நீர் நிற்கும்போது பெக்கோவைக் கொண்டு வெட்டினால் நீங்களே கட்டை உடைத்தவர்களாவீர்கள்.

கடைசியாக, உங்கள் காவலாளரைப் பற்றி. நள்ளிரவில் மழை கொட்டும்போது கட்டருகே இருப்பவர் அவர் ஒருவரே. நீங்கள் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் உறங்கிக்கொண்டிருப்பீர்கள். "ஐயாவைக் கேட்காமல் வால்வைத் திறந்தால் ஏச்சு விழும்" என்று அவர் தயங்கும் நேரத்தில் வெள்ளம் கட்டின்மேல் ஏறிவிடும். வானருகே ஓர் அளவுகோலை நட்டு மூன்று நிறம் பூசுங்கள். வானின் மேலே 30 சென்ரிமீற்றர்வரை பச்சை: ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 30 முதல் 50 வரை மஞ்சள்: வால்வைத் திறந்து, உங்களுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்ல வேண்டும். 50க்கு மேல் சிவப்பு: யாரையும் கேட்காமல் கீழ்வீட்டார் எல்லோரையும் எழுப்பி மேட்டுக்கு அனுப்ப வேண்டும், பிறகு 117க்கு அழைக்க வேண்டும். கலங்கல் நீர் ஊறினால் அளவுகோல் எந்த நிறத்தைக் காட்டினாலும் அது சிவப்புத்தான். இந்த அதிகாரத்தை உங்கள் கையொப்பத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் எழுதி அவரிடம் கொடுங்கள். வீணாக எழுப்பிவிட்டார் என்று ஒருநாளும் அவரைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்ற உறுதிமொழியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒரு டோர்ச், ஒரு மழையங்கி, ஒரு கைச்சங்கு, மின்னேற்றிய இரண்டாவது தொலைபேசி ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். அவருக்கு விடுமுறை கொடுக்கும் நாளில் இன்னொருவரை அங்கே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து,
குளக்கட்டு வேலையில் ஈடுபட்டுள்ள பொறியியலாளர்களும் தொழினுட்ப உத்தியோகத்தர்களும்